வெங்ஙானூர் அய்யன்காளி: வாழ்வும் தொண்டும்

திருவனந்தபுரம் நகருக்குச் செல்லும் அன்பர்கள் வெள்ளையம்பலம் சந்திப்பில் ஒரு சிலையைக் காண்பார்கள். தலைப்பாகை அணிந்து, மேலங்கி தரித்து, நிமிர்ந்து நிற்கும் அப்பெருமகன் அரசரும் அல்லர், திவானும் அல்லர், கற்றறிந்த பண்டிதரும் அல்லர். எழுத்தறியாத ஓர் உழவுத் தொழிலாளி. எந்த நகரின் வீதிகளில் அவர்தம் முன்னோர் நடக்கவும் கூடாதென்று விலக்கப்பட்டிருந்தனரோ, அதே நகரின் நடுவீதியில் 1980ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அவருக்குச் சிலை திறந்து வைத்தார். அவரே புலையர் குலத்தில் தோன்றித் திருவிதாங்கூர் நாட்டின் ஒடுக்கப்பட்டோர் அனைவர்க்கும் தலைவராய் விளங்கிய அய்யன்காளி. அவருடைய வரலாறு நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

பிறப்பும் காலமும்

1863ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் கடற்கரையை அடுத்த வெங்ஙானூர் என்னும் சிற்றூரில், அய்யன் என்பார்க்கும் மாலா அம்மையார்க்கும் மகனாய் அய்யன்காளி பிறந்தார். அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், அதாவது 1855ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. அதுவரையில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், ஒற்றி வைக்கப்பட்டனர், குத்தகைக்கும் விடப்பட்டனர். உழுபவன் நிலத்துக்கு உரியவன் அல்லன். நிலமே அவனுக்கு எஜமானனாய் இருந்தது.

சட்டம் மாறிற்று, வாழ்க்கை மாறவில்லை. விலங்கு கழன்ற மக்களுக்குக் கால் ஊன்ற ஒரு சாண் நிலமும் கொடுக்கப்படவில்லை. குடியிருந்த குடிசையும் நிலக்கிழாருடையது; அதன் வாயிலில் நின்ற தென்னையும் அவருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் மறுநாளே குடிசை பிரிக்கப்படும். வீதியில் நடத்தல் குற்றம். சந்தையில் நுழைதல் குற்றம். நல்லாடை உடுத்தல் குற்றம். பெண்டிர் மார்பை மறைத்தலும் குற்றம். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் தோள்சீலை உரிமைக்காகப் பட்ட பாட்டையும், 1859ஆம் ஆண்டில் அவ்வுரிமை ஓரளவு கிடைத்ததையும் தமிழ் மக்கள் நன்கறிவர். அவர்கட்கும் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டிருந்த புலையர்க்கு அவ்வளவு உரிமையும் இல்லை.

அய்யன்காளியின் தந்தையார் கடும் உழைப்பாளி. காடு திருத்திச் சிறிது நிலம் பெற்று, தம் இனத்தவர் பிறரைக் காட்டிலும் சற்று வசதியோடு வாழ்ந்தவர். ஆயினும் மகனைப் பள்ளிக்கு அனுப்ப அவரால் இயலவில்லை. புலையர் பிள்ளைக்கு அந்நாளில் பள்ளி இல்லை. இளமையில் பிற சாதிச் சிறுவரோடு பந்து விளையாடிய அய்யன்காளி, பந்து மேல்சாதியார் வீட்டின்மேல் விழுந்ததற்காக இழித்துரைக்கப்பட்டார் என்றும், அன்று முதல் தம் குலத்து இளைஞரையே துணையாகக் கொண்டார் என்றும் அவர்தம் வரலாறு எழுதியோர் கூறுவர். அவ்விளைஞர் கூட்டம் சிலம்பமும் அடிமுறையும் பயின்றது. பின்னாளில் அவருக்கு அரணாய் நின்றது அக்கூட்டமே. 1888ஆம் ஆண்டில் அவர் செல்லம்மா என்னும் அம்மையாரை மணந்தார்.

வில்வண்டி

1893ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். வெள்ளை எருதுகள் இரண்டைப் பூட்டி, அவற்றின் கழுத்தில் மணி கட்டி, தாம் வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை சூடி, வெங்ஙானூரிலிருந்து அரசு வீதி வழியே வண்டியைச் செலுத்தினார்.

இன்று இதனைப் படிப்போர்க்கு இஃதொரு பெருஞ்செயலாகத் தோன்றாமற் போகலாம். அன்று வில்வண்டி என்பது மேல்சாதிச் செல்வர்க்கு மட்டுமே உரிய ஊர்தி. அரசு வீதிகள் குடிமக்கள் யாவர்க்கும் பொது என்னும் கொள்கை ஏட்டளவில் இருந்தது. எனினும் அந்த ஏட்டை வீதியில் எடுத்து விரித்துக் காட்ட எவரும் துணியவில்லை. அய்யன்காளி புதிய உரிமை எதனையும் கேட்டாரல்லர். ஏட்டில் இருந்த உரிமையை வீதிக்குக் கொண்டுவந்தார். வழிமறித்தோர் முன் அவர் வண்டியைத் திருப்பவில்லை. கையில் ஆயுதத்தோடு எதிர்த்து நின்று வழி பெற்றுச் சென்றார்.

தாம் ஒருவர் வண்டியேறிச் செல்வதால் இனம் விடுதலை பெறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே அடுத்து, இளைஞர் பலரைக் கூட்டிக்கொண்டு கால்நடையாகவே சந்தைகளை நோக்கிச் சென்றார். பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் அவர்கள் தாக்கப்பட்டனர். இரு தரப்பிலும் குருதி சிந்திற்று. கலவரம் அண்டை ஊர்களுக்கும் பரவியது. தாக்கினால் திருப்பித் தாக்குவார்கள் என்பது தெரிந்த பின்னரே பல இடங்களில் வழிமறித்தோர் ஒதுங்கி வழிவிட்டனர். அடிபடுவோர் என்றென்றும் அடிபடுவார் என்னும் நம்பிக்கையின் மேல்தான் சாதிக் கட்டடம் நின்றது. அந்த நம்பிக்கையை அவர் முதலில் தகர்த்தார்.

சங்கம் தோன்றுதல்

அக்காலத்தில் திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழ்ப் பெரியார், ஆங்கிலேய ரெசிடெண்டின் அலுவலகத்தில் பணிபுரிந்தவாறே யோக நெறி போதித்து வந்தார். சாதி பாராது யாவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்பித்த அவரிடம் அய்யன்காளி நட்பும் மதிப்பும் பெற்றார். ஈழவ மக்களிடையே ஸ்ரீ நாராயண குருவின் அருளால் 1903ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் வளர்ச்சியும் அவர்தம் கருத்தைக் கவர்ந்தது. கைவலிமை வீதியைத் திறக்கும். ஆனால் சபையையும் பள்ளியையும் திறக்க அமைப்பு வேண்டும் என்பதை அவர் கண்டார்.

1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பெயரில் எந்தச் சாதியும் இல்லாமை கருதத்தக்கது. புலையர், பறையர், குறவர் எனப் பிரிந்து கிடந்தோர் யாவரையும் ஏழை எளியோர் என்னும் ஒரே பெயரால் அழைத்தது அச்சங்கம். வாரத்தில் ஆறு நாளே உழைப்பு, ஞாயிறு ஓய்வும் கூட்டமும் என்பது அதன் ஒழுங்குகளுள் ஒன்று. ஓய்வே அறியாத மக்களுக்கு ஒரு நாளைத் தமக்கென வைத்துக்கொள்ளக் கற்பித்ததே ஒரு புரட்சியன்றோ! சாதுஜன பரிபாலினி என்னும் இதழும் அதன் சார்பில் வெளிவந்தது. அதே 1907ஆம் ஆண்டில்தான் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தம் பத்திரிகையைத் தொடங்கினார் என்பதை நம் அன்பர்கள் நினைவிற் கொள்வார்களாக. மலைத்தொடரின் இரு புறத்திலும் ஒரே காலத்தில் ஒரே விழிப்பு அரும்பிற்று.

வயலும் பள்ளியும்

சங்கத்துக்கு முன்னரே வெங்ஙானூரில் அய்யன்காளி தம் மக்களுக்கென ஒரு பள்ளிக் கொட்டகை எழுப்பினார், அது தீக்கிரையாக்கப்பட்டது. பின்னர் அரசுப் பள்ளிகளில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்க்க அரசு இசைந்து ஆணை பிறப்பித்தது. ஆயினும் ஆணையை நிறைவேற்ற வேண்டிய அதிகாரிகளே அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். ஆசிரியர் மறுத்தனர், ஊரார் மிரட்டினர்.

அப்பொழுது அய்யன்காளி எடுத்த ஆயுதம் உலகம் வியக்கத் தக்கது. அவர்தம் மக்களிடம் பணம் இல்லை, பதவி இல்லை, எழுத்து இல்லை. உழைப்பு ஒன்றே இருந்தது. அவ்வுழைப்பைத் தர மறுப்பது என்று முடிவாயிற்று. பள்ளிக் கதவு திறக்கும் வரையில் எவரும் வயலில் இறங்குவதில்லை. கூலி உயர்வும், குடிசையை விட்டு வெளியேற்றுவதும் பொய்வழக்குப் போடுவதும் நிற்க வேண்டும் என்பதும் உடன் வைத்த கோரிக்கைகள். கூலிக்காக மட்டுமன்றிக் கல்விக்காகவும் உழவர் வேலைநிறுத்தம் செய்த செய்தி இந்திய வரலாற்றில் வேறெங்கும் எளிதில் காணற்கரியது.

பருவம் வந்தது, வயலில் களையே வளர்ந்தது. சேற்றில் இறங்கிப் பழகாத நிலக்கிழார்கள் தாமே முயன்று தோற்றனர். குடிசைகளிலும் அடுப்பு எரியவில்லை. பட்டினி போராட்டத்தை முறித்துவிடும் என்று எதிர்த்தோர் காத்திருந்தனர். அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரை மீனவரிடம் சென்று பேசினார். புலையர் ஆடவரைத் தம் படகுகளில் உடன் கொண்டுசென்று பங்கு தர மீனவர் உடன்பட்டனர். கடல் தந்த உணவால் வயலின் போராட்டம் நின்றது. ஏழைக்கு ஏழையே துணை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இறுதியில் கண்டளை நாகம் பிள்ளை என்னும் நீதிபதி நடுநின்று உடன்பாடு செய்வித்தார், கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

ஆயினும் எதிர்ப்பு அத்துடன் ஓயவில்லை. ஊரூட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்று அமர்த்தினார். அச்சிறுமி அமர்ந்த பள்ளிக்கே தீ வைத்தனர். நெய்யாற்றின்கரைப் பகுதி எங்கும் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அத்தீயில் கருகி எஞ்சிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஒரு சிறுமி அமர்ந்ததைப் பொறாது எரித்தார்கள். அச்சிறுமியின் பெயரோ இன்று அப்பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

சபையில் நிலம் கேட்டல்

திருவிதாங்கூரில் 1904ஆம் ஆண்டு முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் மக்கள் அவை ஆண்டுதோறும் கூடி வந்தது. புலையர் குறைகளை அங்கே எடுத்துரைக்க முதலில் நியமிக்கப்பட்டவர் சுபாஷிணி பத்திரிகை ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. அம்மக்களின் குறையைக் கூற அவர்களுள் ஒருவரே வருதல் முறை என்று அவர் பரிந்துரைத்தார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி அதனை ஏற்க, 1911ஆம் ஆண்டின் இறுதியில் அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1912ஆம் ஆண்டில் முதன்முறை அவையில் பேசினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வவையில் அவர் குரல் ஒலித்தது.

அவர் அங்கே முதன்மையாகக் கேட்டது யாது? நிலம். புதுவல் எனப்படும் அரசுத் தரிசை நிலமற்ற புலையர்க்குப் பதிந்து தர வேண்டும் என்பதே அவர்தம் முறையீடு. காட்டை வெட்டித் திருத்துபவன் புலையன். திருத்திய பின் பட்டா பெறுபவன் வேறொருவன். மனு எழுதத் தெரியாமையும், கச்சேரிப் படியேற முடியாமையும், கட்டணம் செலுத்த இயலாமையும் சேர்ந்து உழைத்தவனை வெளியேற்றின. இதனை அவர் அவையில் எடுத்துரைத்தார். அரசும் செவிசாய்த்து விளப்பில் முதலிய பகுதிகளில் நிலம் ஒதுக்கிற்று. கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பணியில் இடம் ஆகியவற்றையும் அவர் இடைவிடாது கேட்டார்.

வயல்களில் புலையர்க்கு நேர்ந்ததே காடுகளில் பழங்குடியினர்க்கும் நேர்ந்தது. வயநாட்டில் குறிச்சியரும் குறும்பரும் ஆங்கிலேயரின் வரிக்கொடுமையை எதிர்த்து 1812ஆம் ஆண்டில் வில்லேந்தினர். சோட்டா நாகபுரியில் முண்டா மக்களின் தலைவர் பிர்சா முண்டா, 1899 முதல் 1900 வரை நிலவுரிமைக்காகக் கிளர்ந்தெழுந்து, 1900ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராஞ்சிச் சிறையில் தம் இருபத்தைந்தாம் வயதில் மடிந்தார். அவர்தம் கிளர்ச்சியின் விளைவாகவே பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குச் செல்வதைத் தடுக்கும் குத்தகைச் சட்டம் 1908ஆம் ஆண்டில் பிறந்தது. பிர்சா வில்லையும், அய்யன்காளி வேலைநிறுத்தத்தையும் மனுவையும் கைக்கொண்டனர். கருவி வேறாயினும் கேட்ட பொருள் ஒன்றே.

கல்மாலை துறத்தல்

1915ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் மற்றொரு போராட்டம் மூண்டது. புலையர் பெண்டிர் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையன்றி வேறு அணி பூணலாகாது என்பது கட்டுப்பாடு. அடிமையின் அடையாளமாகிய அம்மாலையை அறுத்தெறிய வேண்டுமென்று சங்கத்தார் கூட்டம் கூட்டினர். கூட்டம் தாக்கப்பட்டது, மக்கள் திருப்பித் தாக்கினர், நூற்றுக்கணக்கான குடிசைகள் அழிந்தன. அய்யன்காளி விரைந்து சென்று, அவ்வாண்டின் இறுதியில் கொல்லத்தில் சாதி வேறுபாடின்றி யாவரும் கூடிய பெருங்கூட்டம் ஒன்றை நடத்தினார். நாயர் தலைவர் சங்ஙனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கினார். அம்மேடையிலேயே பெண்டிர் கல்மாலையை அறுத்தெறிந்தனர். கூட்டத்திலிருந்த ஏனைய பெண்டிரும் அவ்வாறே செய்தனர். கழுத்திலிருந்து வீழ்ந்த கற்கள் மேடையில் குவிந்தன என்பர்.

இறுதி ஆண்டுகள்

1935ஆம் ஆண்டு அக்டோபரில் இயோலா மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார். அவ்வறிவிப்பு திருவிதாங்கூரையும் அசைத்தது. ஈழவரிடையே மதமாற்றப் பேச்சு வலுத்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். பல தலைமுறை வேண்டியும் திறவாத கதவு, வெளியே செல்வோம் என்ற சொல் பிறந்ததும் திறந்த காரணத்தை ஆராய்ந்து அறிவது கடினமன்று.

1937ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கே வந்து அய்யன்காளியைக் கண்டார். அப்பொழுது முதியவர் தம் ஆசையாக வெளியிட்டது, தம் இனத்தில் பி. ஏ. பட்டம் பெற்றோர் பத்துப் பேரையேனும் கண்டு கண்மூட வேண்டும் என்பது. கோயில் திறந்து இரண்டு திங்களே ஆகியிருந்த வேளையிலும் அவர் மனம் பள்ளியின்மேலேயே நின்றது.

அவர்தம் தொண்டில் குறைகளும் உண்டு. அவற்றை மறைப்பது வரலாறாகாது. அவர் மதம் மாறவில்லை. மாறுவதை ஊக்குவிக்கவும் இல்லை. இதுபற்றி நம்மவர் கருத்து வேறாயிருக்கலாம். அரசரின் நல்லெண்ணத்தைப் பெரிதும் நம்பினார் என்பாரும் உளர். யாவரையும் ஒன்றாகக் கட்டிய சங்கம் அவர் வாழ்நாளிலேயே தளர்ந்து, சாதிக்கொரு சபையாகப் பிரிந்தது அவரை வருத்தியிருக்க வேண்டும். ஒற்றுமையை உண்டாக்குவதினும் காப்பது அரிது என்னும் பாடம் அதில் உள்ளது. நெடுங்காலம் காசநோய் போல் வருத்திய இளைப்பு நோயால் நலிந்து, 1941ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

எஞ்சிய கடன்

அவர் கேட்ட நிலம் கிடைத்ததா? 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. குத்தகையாளர் நிலவுடைமையாளர் ஆயினர். ஆனால் சேற்றில் நின்று உழைத்தவர் குத்தகையாளர் அல்லர், கூலியாட்கள். அவர்க்குக் குடிகிடப்பு உரிமையாக ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகரில் அதனினும் குறைவு. குடிசைக்கு அடியில் இருந்த மண் உரிமையாயிற்று. உழுத வயல் ஆகவில்லை. பெருந்தோட்டங்களோ உச்சவரம்பினின்றும் விலக்குப் பெற்றன.

மலைவாழ் மக்கள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டுத்தரும் சட்டம் 1975ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 1986ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டன. 1999ஆம் ஆண்டில் வேறு சட்டம் வந்து பழைய வாக்குறுதியைச் சுருக்கிற்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சி. கே. ஜானு என்னும் அடியர் குலப் பெண்மணி தலைமையில் பழங்குடியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி அமர்ந்தனர். 48 நாள் அக்குடில்கள் நின்றன. நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை தருவதாக அரசு உடன்பட்டது. உடன்பாடு நிறைவேறத் தாமதமாகவே, வயநாட்டு முத்தங்ஙா காட்டில் அவர்கள் குடியேற, 2003 பிப்ரவரி 19ஆம் நாள் நிகழ்ந்த காவல்துறை நடவடிக்கையில் பழங்குடியினர் ஒருவரும் காவலர் ஒருவரும் உயிரிழந்தனர்.

அய்யன்காளி வில்வண்டி செலுத்திய அதே மாவட்டத்தின் கிழக்கே, அகத்தியமலைச் சாரலில் காணி மக்கள் வாழ்கின்றனர். மலையின் இப்புறம் நம் தமிழகத்திலும் அவர்தம் உறவினர் வாழ்கின்றனர். வயலுக்குரிய புலையரும் மலைக்குரிய பழங்குடியினரும் வேறு வேறு மக்களே. எனினும் தாம் திருத்திய மண்ணில் தமக்கே இடமில்லாமற் போன துன்பம் இருவர்க்கும் ஒன்று.

பிரஜா சபை கூடிய இடம் திருவனந்தபுரத்து விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். 1896ஆம் ஆண்டில் எழுந்த அம்மண்டபத்துக்கு 2019ஆம் ஆண்டில் அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் சூட்டப்பட்டது. பேரரசியின் பெயரை நீக்கி, கையெழுத்திடவே முயன்று கற்ற ஓர் உழவரின் பெயரைப் பொறித்தார்கள். பெருமைதான். ஆயின் அம்மண்டபத்தில் நின்று அவர் வைத்த முதல் விண்ணப்பம் பெயருக்கன்று, நிலத்துக்கு. அதனை நினைவிற் கொண்டு, நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதிலும், நிலமற்றோர் யாவராயினும் அவர் பக்கம் நிற்பதிலும் நாம் தவறாதிருப்போமாயின், அதுவே அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.